பாலியில் வாங்கிய அம்மி

1

ஊர்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு வெளிநாட்டு அனுபவம் எழுதித் தாருங்கள் என்று ஒரு தம்பி போனில் கேட்டார். நான் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பதாக அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தாராவியில் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறேன் தம்பி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் வெளிதான அண்ணாச்சி" என்றார். விளம்பரப் பக்கத்துக்குப் பணமும் கேட்டார். சரி, வெளிதான்.

திருநெல்வேலியில் ரயிலேறி மீசை அரும்பும் வயதில் இங்கே வந்தவன் நான். ஊருக்குப் போனால் பம்பாய்க்காரன். இங்கே மதராஸி. மதராஸுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு ராத்திரி ரயில் தூரம் என்று இவர்களுக்கு விளக்குவதை விட்டு எத்தனையோ காலம் ஆகிறது. காலையில் பட்டறை ஷட்டரைத் தூக்குவேன், எதிர்க்கடை டீயைக் குடிப்பேன், நேற்று வராத பீகார்ப் பையன்களைத் திட்டுவேன், இன்று வந்தவர்களையும் திட்டுவேன். இதுதான் என் புலம்பெயர் வாழ்க்கை. இதைப் படித்து ஊரில் யாரும் கண்ணீர் விட வேண்டாம்.

ஆனால் அசல் வெளிநாடு ஒன்றுக்கும் போயிருக்கிறேன். பாலித் தீவு. தங்கை மகள் நந்தினியின் கல்யாணத்துக்காக. இந்த வாரம் அந்தக் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் நிறைகிறது. இந்தச் சமயத்தில்தான் சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் தாயார், போன் செய்தார்.

"அண்ணா, அந்தப் பாலி கல்லு பேச்சியம்மா வீட்டுலதான இருக்கு? நாங்க நெருள்ல புதுசா வாங்குன ஃப்ளாட் கிரகப்பிரவேசத்துக்கு அது வேணும். வாசல்ல வெச்சு, தண்ணி ஊத்தி, பூ மிதக்க விட்டா ஒரு ஆன்ட்டிக் லுக் வரும்."

பேச்சி என் தங்கை. நந்தினியைப் பெற்றவள். அந்தக் கல்லில்தான் அவள் தினமும் தேங்காயும் மிளகாயும் அரைக்கிறாள். அதில் பூ மிதக்க வேண்டுமாம்.

"அப்புறம் அண்ணா, அன்னைக்குக் கூட்டமா இருக்கும். ஹோமம், புகை. பேச்சியம்மாவை மறுநாள் கூட்டிட்டு வாங்க. நிதானமா வீட்டைச் சுத்திப் பாக்கட்டும்."

கல் கிரகப்பிரவேசத்தன்று வர வேண்டும். கல்லுக்குச் சொந்தக்காரி மறுநாள் வர வேண்டும். ஏனென்றால் கல்லுக்குப் புருஷன் சாகவில்லை. பேச்சிக்குச் செத்துவிட்டான்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன் கல் வந்த கதையை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

2

பாலியில் கல்யாணம் என்று முடிவு செய்தது மாப்பிள்ளை வீடு. திலக் நகரில் இரண்டு தலைமுறையாக இருக்கிறவர்கள். அப்பா பெரிய ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் நம் பக்கம்தான், சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில். யாராவது கேட்டால் "ஆக்சுவலி நாங்க சென்னை" என்பார்கள். மாப்பிள்ளை பிரவீன் நல்ல பையன். என்னை அங்கிள் என்று கூப்பிடுவான். மாமா என்று சொல்லப்பா என்றேன். "ஷ்யூர் அங்கிள்" என்றான்.

மாட்டுங்காவில் மண்டபம் இருக்கிறது. செம்பூரில் இருக்கிறது. நெருளில் கோயிலோடு சேர்ந்தே இருக்கிறது. இதெல்லாம் வேண்டாமாம், கடற்கரை வேண்டுமாம். தாதரில் இல்லாத கடற்கரையா என்று கேட்டேன். சம்பந்தியம்மா சிரித்தார். குழந்தை ஏதாவது உளறினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

அன்றைக்கே, டோக்ளாப் பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, இன்னொன்றும் சொன்னார்.

"மேடையில நீங்களும் அண்ணியும் நின்னு தாரை வார்த்துக் குடுத்துடுங்க அண்ணா. பேச்சியம்மாவுக்கு முன் வரிசையில நல்லதா ஒரு சேர் போட்டுடலாம். ஃபேன் பக்கத்துல. சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கில்லையா."

அவர்கள் சாஸ்திரம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். முதல் நாள் நீச்சல் குளத்தில் இறங்கிக்கொண்டு மருதாணி. மாலையில் கோட்டுப் போட்ட ஆள் கண்ணாடிக் கிளாசில் குடையும் பழத்துண்டும் செருகிச் சாராயம் ஊற்றுவான். பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணத்துக்கு முன்பே கட்டிப்பிடித்து ஆட வேண்டும், அதற்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க அந்தேரியிலிருந்து ஒரு மாஸ்டர். முகூர்த்தம் சூரியன் சாய்கிற நேரத்தில், ஏனென்றால் படம் நன்றாக விழும். இதற்கெல்லாம் சாஸ்திரம் கண்ணை மூடிக்கொள்ளும். முறுக்குச் சுட்டு விற்று ஒற்றை ஆளாக மகளை வளர்த்த பேச்சி மேடையேறினால் மட்டும் கண்ணைத் திறந்து பார்க்கும். தூ!

நந்தினிக்கு இது தெரிந்து பட்டறைக்கே வந்துவிட்டாள். அவளைப் பற்றியும் எனக்குப் புகார் உண்டு. தமிழ் படிக்க வராது. பஸ்ஸில் போட்டிருக்கிற ஊர்ப்பெயரைக்கூட ஹிந்தியில்தான் படிப்பாள். பெற்றவளை மம்மி என்பாள். பொவாய் ஆபீசுக்குப் போக ஆரம்பித்த பிறகு தாராவி என்று சொல்லாமல் பக்கத்துப் பேட்டையான சயான் என்று சொல்லப் பழகியிருந்தாள். ஆனால் அன்று தோல் துண்டுகளுக்கு நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொன்னாள்:

"மாமா, மம்மி ஸ்டேஜ்ல என் பக்கத்துல இருக்கணும். நீங்க பேசுங்க."

பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பேசினேன். மறுபடி டோக்ளா வந்தது. பிரவீனின் அப்பா "லேடீஸ் மேட்டர், நாம தலையிட வேண்டாமே" என்றார். பிரவீன் "மாம் ரொம்ப சென்சிடிவ் அங்கிள்" என்றான். பேச்சியாவது கோபப்படுவாள் என்று பார்த்தால், மாவு பிசைந்த கையோடு என்னைப் பார்த்து, "எனக்கு எங்க உக்காந்தா என்ன அண்ணே? புள்ள கழுத்துல தாலி ஏறுனாச் சரி. நீரு வம்பு வளக்காதீரு" என்றாள். அவள் மேல்தான் எனக்கு அன்று ரொம்பக் கோபம்.

நந்தினியிடம் நிலைமையைச் சொன்னேன். "டீக் ஹை மாமா" என்றாள். அவ்வளவுதான். அடம் பிடித்தே வளர்ந்த பெண் அவள். இவ்வளவு சுலபமாகச் சரி என்கிறாளே என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பேச்சிக்குப் பாஸ்போர்ட் எடுத்த கதையை எழுதினால் மலர் முழுவதும் அதற்கே போய்விடும். மூன்று முறை போனோம். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் புருஷனைப் பற்றி ஒரு காகிதம் கேட்டார். செத்தவனுக்கு இவ்வளவு காகிதம் தேவைப்படும் என்று எங்களுக்குத் தெரியாது. பாலி விமான நிலையத்தில்தான் மரியாதை கிடைத்தது. அங்கே சீருடை போட்ட ஒரு சின்ன வயது ஆபீசர் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டான். கல்யாணம் என்றேன். பேச்சியைப் பார்த்து, "பெண்ணின் அம்மாவா?" என்று இங்கிலீஷில் கேட்டான். ஆமாம் என்றதும் கை கூப்பி ஏதோ வாழ்த்துச் சொல்லி முதலில் அவளைத்தான் விட்டான். பின்னால் நின்ற சம்பந்தியம்மாவைக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி இரண்டு தரம் முகத்தைப் பார்த்தான். அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும்.

3

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் ரிகர்சல். ஆமாம், கல்யாணத்துக்கு ஒத்திகை. கடற்கரையில் பலகை அடித்து, மெத்தென்று கார்பெட் விரித்து, வெள்ளைத் துணியில் ஒரு கூண்டு கட்டியிருந்தார்கள். வாழை மரம் பிளாஸ்டிக். தீவு முழுக்க வாழை மரம் நிற்கிறது, மேடையில் பிளாஸ்டிக். எல்லாவற்றுக்கும் ரியா என்று ஒரு ஈவண்ட் மேனேஜர் பெண். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு தனக்குத் தானே பேசிக்கொண்டே ஓடும்.

செம்பூரிலிருந்து விமானத்தில் கூட்டிவந்த ஐயர் மேடை ஏறிச் சாமான்களைப் பார்த்தார். எல்லாம் இருந்தது. அப்புறம் கேட்டார்.

"அம்மி எங்கே?"

நான் பிரவீனின் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். என் மனைவி கோமதி சம்பந்தியம்மாவைப் பார்த்தாள். சம்பந்தியம்மா ரியாவைப் பார்த்தார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காது. பம்பாய்த் தமிழன் எவனும் கல்யாணத்துக்கு அம்மி கொண்டுபோவதில்லை. மண்டபத்தை எடுத்தால் அம்மியும் கூட வரும். குத்துவிளக்கு, ஜமுக்காளம், நாற்காலி எல்லாம் போல அதுவும் ஸ்டோர் ரூமில் கிடக்கும், வாட்ச்மேன் உருட்டிக்கொண்டு வந்து வைப்பான். மாட்டுங்கா மண்டபத்து அம்மியில் எத்தனை ஆயிரம் பெண்கள் கால் வைத்திருப்பார்கள்! என் மகள் வைத்தாள், பக்கத்து வீட்டுக்காரன் மகள் வைத்தாள். மிக்சி வந்த நாள் முதல் எந்த வீட்டிலும் அம்மி கிடையாது. ஆகவே அது மண்டபத்தில் இருக்கும் என்று எங்கள் புத்தியில் பதிந்துபோயிருந்தது. கடல் தாண்டி வந்தும் ரெண்டு வீட்டிலும் ஒருவருக்குக்கூட மண்டபமே இல்லையே என்று தோன்றவில்லை. படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி விழித்தோம். வெட்கக்கேடு.

ரியா மட்டும் கலங்கவில்லை. "ஸ்டோன் பிராப் ஹை நா, சர்!" என்று எங்கேயோ ஓடி, கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு தெர்மாகோல் பலகையை ஒற்றைக் கையால் தூக்கி வந்தது. போட்டோவில் அசல் கல் மாதிரியே இருக்குமாம்.

"வாவ், பெர்ஃபெக்ட்" என்றார் சம்பந்தியம்மா.

ஐயர் என்னைப் பார்த்தார். அம்மியை மிதிக்கச் சொல்லும்போது கல்லைப் போல் உறுதியாக இரு என்று மந்திரம் சொல்ல வேண்டும், இதை மிதித்தால் உடைந்துபோகும், அப்புறம் நான் என்ன சொல்லட்டும் என்று மெல்லிய குரலில் கேட்டார். எனக்கு வாய் தாங்கவில்லை.

"மதினி, உங்க சாஸ்திரத்துல தெர்மாகோல் இருக்கா?" என்றேன்.

சம்பந்தியம்மா முகம் சிவந்தது. "அப்ப நீங்களே ஒரு கல்லு கொண்டாங்க அண்ணா. பொண்ணு வீட்டுச் சாமான்தான அது" என்று சொல்லிவிட்டு முகத்துக்கு ஏதோ பூசிக்கொள்ளப் போனார்.

4

கைவினைச் சந்தை ஒன்று இருக்கிறது, அங்கே கல் வேலையும் கிடைக்கும் என்றான் ஹோட்டல் டிரைவர். நானும் பேச்சியும் போனோம். நந்தினியும் வருவதாக இருந்தது. முகத்தில் களிமண் அப்பி வெள்ளரிக்காய் ஒட்டிப் படுக்கவைத்திருந்தார்கள்.

பாரம்பரியக் கைவினைச் சந்தையைப் பற்றி மலரில் அழகாக எழுத வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். என்ன செய்வது, நான் பார்த்ததைத்தானே எழுத முடியும். இரண்டு மாடிக் கட்டடம், தாதர் மார்க்கெட் மாதிரியே நெரிசல், வெக்கை. முதல் கடையில் மரப்பூனை. இரண்டாவது கடையில் அதே மரப்பூனை. பத்துக் கடை தள்ளியும் அதே பூனை, அதே பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு. ஒரு மனிதன் கையால் செதுக்கினால் ஒரு பூனையாவது எங்கேயாவது தலையை நிமிர்த்தாதா? அப்புறம் ஆணின் அந்தரங்க உறுப்பை மரத்தில் கடைந்து, பூப் பெயின்ட் அடித்து, பாட்டில் திறக்கிற கருவி என்று வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பேச்சி முதலில் உலக்கைப் பூண் என்று நினைத்து உற்றுப் பார்த்தாள். "சீ, என்ன கருமம்!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தாள். நம் ஊர் ஆட்கள் நாலைந்து பேர் அதை டஜன் கணக்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆபீசில் எல்லாருக்கும் கொடுக்கவாம்.

ஒரு கடையில் தோல் பை. கையால் செய்தது என்று சீட்டுக் கட்டியிருந்தது. தையலைத் திருப்பிப் பார்த்தேன். மிஷின் தையல், அதுவும் நூல் விட்டுப்போன தையல். கையால் செய்தது என்கிற அந்தச் சீட்டை மட்டும் நானும் மூட்டை மூட்டையாகப் பைகளில் கட்டியிருக்கிறேன், ஆர்டர் கொடுப்பவன் கேட்டால் கட்டித்தானே ஆக வேண்டும். ஆக, உலகம் முழுவதும் ஒரே புளுகு.

"பாப்பா! மாமா! சஸ்தா! சஸ்தா!" என்று, மலிவாம், நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். அங்கேயும் ஹிந்தி. பேச்சிக்கு ஒரே சந்தோஷம். பாலியில் போய் "கித்னா, கித்னா" என்று விலை கேட்டுக்கொண்டே வந்தாள். பம்பாய் ஹிந்தியை வைத்துக்கொண்டு அவள் இங்கே நாற்பது வருஷம் தள்ளாடியிருக்கிறாள். அங்கே அவள் பேசினது சரளமான ஹிந்தி.

கல் கடைகள் பின்பக்கம். பிள்ளையார், புத்தர், தவளை, மறுபடி பிள்ளையார். நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது. சிமென்ட்டில் வார்த்துப் பாசி பூசி நூறு வருஷப் பழசாக ஆக்கியிருந்தார்கள். அம்மி வேண்டும் என்று எப்படிக் கேட்பது? இரண்டு கையாலும் முன்னும் பின்னும் அரைத்துக் காட்டினேன். ஒருவன் சப்பாத்திக் கட்டை காட்டினான். இன்னொருவன் மசாஜ் செய்யும் இடத்துக்கு வழி காட்டினான்.

கடைசிக் கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி. வாசலில் ஓலைத் தட்டில் பூவும் ஊதுபத்தியும் வைத்துவிட்டு எழுந்தாள். அவளிடமும் பிள்ளையார்தான் இருந்தது. நான் சலித்துத் திரும்பினேன். பேச்சி திரும்பவில்லை. கடைக்குப் பின்னால், அவள் சாப்பிடுகிற இடத்தில், தரையில் ஒரு கருங்கல் இருந்தது. வட்டமாக, தட்டுப் போல அகன்று, நடுவில் குழிந்து, மேலே ஒரு கல் குழவியும். மிளகாய் அரைத்த சிவப்பு இன்னும் காயவில்லை.

"அண்ணே, அந்தக் கல்ல கேளும்."

அது விற்பனைக்கு இல்லை, அவள் வீட்டுச் சமையல் கல். இத்தனை சாமி சிலை இருக்க, எச்சில் படிந்த கல்லை எதற்குக் கேட்கிறார்கள் என்று அந்தப் பெண் விழித்தாள். எனக்கும் பிடிக்கவில்லை.

"இது அம்மியாட்டி? வட்டமால்லா இருக்கு. அடியும் சிறுத்திருக்கு. கால வச்சா ஆடும்."

"அரைக்கிற கல்லு எந்த வடிவத்துல இருந்தா என்ன? இதுவாவது நெசக் கல்லு. வாங்கும்."

கல்யாணம், பெண், கால் என்று சைகையில் விளக்கினாள் பேச்சி. கழுத்தில் கயிறு கட்டிக் காட்டினாள், தன் காலைத் தூக்கிக் கல்லின் மேல் வைப்பது போல் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டுத் தாய் என்று காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கியதோ, கல்லை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.

விலை சொன்னாள். நான் தாதர் வழக்கப்படி மூன்றில் ஒரு பங்கு கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தேன். கூப்பிடுவாள் என்று. கூப்பிடவில்லை. பேச்சிதான் கூப்பிட்டாள். "ஒமக்கு வெக்கமா இல்லியா? சோத்துக்கு அரைக்கிற கல்லக் குடுக்கா. அவகிட்டயும் ஒம்ம பவுச காட்டணுமா?"

கேட்டதைக் கொடுத்தேன். அன்றைய முதல் வியாபாரம் அதுதான் போல. வாங்கிய நோட்டை வைத்துப் பிள்ளையார், புத்தர், தவளை எல்லாவற்றையும் ஒரு தட்டுத் தட்டினாள் அந்தப் பெண். போணி! காலையில் முதல் பை விற்றதும் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் நான். அந்தத் தீவில் நான் குறை சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றது அது ஒன்றைத்தான்.

5

அறையில் கொண்டுவந்து வைத்தோம். களிமண் கழுவி வந்த நந்தினி கால் வைத்துப் பார்த்தாள். கல் சாய்ந்தது. நான் சொன்னது சரியாகிவிட்டது. ஹோட்டல் துண்டு ஒன்றை முறுக்கிச் சும்மாடு மாதிரி சுருட்டி அடியில் வைத்தேன். சுமை தூக்கிப் பழகியவனுக்கு இது ஒரு வேலையா? இப்போது ஏறிக் குதித்தாலும் அசையவில்லை. "சூப்பர் மாமா" என்றாள் நந்தினி. நாளைக்குத் தானே மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

மறுநாள் மாலை. ஆண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் ஷெர்வானி, வாடகைக்கு. எனக்கு வந்தது வயிற்றில் இறுக்கம், மூச்சை எண்ணி விட வேண்டியிருந்தது. பேச்சி முன் வரிசையில், ஃபேன் பக்கத்தில். சொன்ன சொல்லை சம்பந்தியம்மா காப்பாற்றினார், நல்ல நாற்காலிதான். அதற்கு முன்னால் மூன்று வீடியோக்காரர்கள், தலைக்கு மேலே பறக்கிற கேமரா ஒன்று. நானும் கோமதியும் தாரை வார்த்தோம். தாலி ஏறியது. கெட்டிமேளம் ஸ்பீக்கரில் வந்தது. நான் கீழே பார்த்தேன். வீடியோக்காரனின் முதுகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பேச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதை ஒரு பெண் அப்படிப் பார்க்க வேண்டியிருந்தது. வாக்குக் கொடுத்தவன் நான், மேடையில் பொம்மை மாதிரி நின்றேன்.

அடுத்து அம்மி. கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிரவீன் குனிந்து நந்தினியின் வலது காலைத் தூக்கி வைத்தான். கல் சாய்ந்தது. அவள் தடுமாறி என் தோளைப் பிடித்தாள். மறுபடி வைத்தான். மறுபடி சாய்ந்தது. மெத்தென்ற கார்பெட் வேறு, கல் ஊஞ்சலாடியது. அடியில் துண்டைக் காணோம். "துண்டு எங்கட்டி?" என்றேன். "ஹோட்டல்காரங்க எடுத்திருப்பாங்க மாமா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ரியா ஒட்டுகிற டேப்போடு ஓடி வந்தது. கவிழ்த்து வைத்தால் நிற்கும் என்றார் பிரவீனின் அப்பா. "சுபகாரியத்துல கல்லைக் கவுக்கறதாவது!" என்று ஐயர் சீறினார். நானே பிடிக்கலாம் என்று குனிந்தேன். ஷெர்வானி முதுகில் டர்ரென்று கிழிந்தது. அப்படியே நிமிர்ந்துகொண்டேன். கடல் பக்கம் வேடிக்கை பார்த்த வெள்ளைக்காரர்கள் இதுவும் சடங்கில் ஒன்று என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அப்போதுதான் நந்தினி கூப்பிட்டாள்.

"யம்மா! மேல வா! வந்து கல்லப் பிடி!"

மம்மி இல்லை, யம்மா. வீடியோவுக்காக அவள் புடவையில் மைக் குத்தியிருந்தார்கள். கடற்கரை முழுவதும், நீச்சல் குளம் வரைக்கும் அது கேட்டது. சம்பந்தியம்மாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பேச்சி எழுந்து நின்றாள், ஆனால் நகரவில்லை. என்னைப் பார்த்தாள்.

"வாட்டி" என்றேன். இந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு எனக்கு இத்தனை மாதம் ஆயிற்று.

செருப்பைக் கீழே விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். மகள் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் கல்லை அழுத்திப் பிடித்தாள். கல் நின்றது. நந்தினி கால் வைத்தாள். ஐயர் மந்திரம் சொன்னார். பிரவீன் மெட்டி போட்டான். அவசரத்தில் ஒரு மெட்டி கழன்று பேச்சியின் மடியில் விழுந்தது, அவளே எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

சம்பந்தியம்மாவுக்குக் குரல் வந்தது. "ஆச்சு, ஆச்சு. பேச்சியம்மா கீழ போய் ரெஸ்ட் எடுக்கட்டும்."

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எந்திச்சா கல்லு உருண்டுரும் மதினி. புள்ள கால்ல விழுந்துரும்."

எழுந்திருக்கவே இல்லை. அட்சதை போட்டார்கள், பாதி அவள் தலையில் விழுந்தது. பரிசு கொடுக்க வந்தவர்கள், படம் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. ஆல்பத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகு ஒரு படத்தில்கூட அவள் இல்லாமல் இல்லை.

6

இன்று காலை சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மதினி, கல்லு தாரோம். அதுல ஒரு சங்கடம் இருக்கு. அது ஆடுற கல்லு, ஒமக்கே தெரியும். வாசல்ல வச்சு எவனாவது தட்டிவிட்டா உருண்டு கால முறிச்சிரும். அதப் பிடிச்சு வைக்கப் பழகுன ஆளு பேச்சி ஒருத்திதான். அவ கிரகப்பிரவேசத்தன்னைக்கே, பால் காய்ச்சுறதுக்கு முன்னாலயே வந்து கல்லு பக்கத்துல உக்காந்துருவா. சம்மதமா?"

அந்தப் பக்கத்திலிருந்து, "ஹலோ? ஹலோ? லிஃப்ட்ல இருக்கேன் அண்ணா, சரியாக் கேக்கல" என்றார். பின்னால் குக்கர் விசில் அடித்தது. திலக் நகரில் லிஃப்டுக்குள் குக்கர் வைக்கிறார்கள் போலும். போனை வைத்துவிட்டார்.

நந்தினியும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஷட்டரைத் தூக்கி, டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவளிடமிருந்து செய்தி வந்தது. வழக்கம் போல் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"மாமா, அம்மாவையும் கல்லையும் கூட்டிட்டு வாங்க. துண்டு வேண்டாம். போன தடவ எடுத்தது என்கிட்டயே இருக்கு."